பஸ் பார்க்கும் படலம்

முதலில் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் தங்கை மகள் கவிதா என்னை நம்பி ஒரு வேலை கொடுத்தாள். அதை நான் செய்யவில்லை, செய்ததாகச் சொன்னேன். அதனால் வந்த பழி அவள் தலையில் விழுந்தபோது, எதிர்ப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு இன்னொரு கரண்டி பாயசம் கேட்டு வாங்கினேன். (பாயசம் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் இன்னும் உறுத்துகிறது.)

நான் மலேசியாவில், சுங்கை பட்டாணியில் நெடுங்காலம் வாத்தியாராக இருந்தவன். வீட்டுப்பாடம் செய்யாமலே "செஞ்சிட்டேன் சார்" என்று சொல்லும் பிள்ளையை வாசற்படியில் வரும்போதே கண்டுபிடித்துவிடுவேன். அவனை எல்லார் முன்னாலும் நிற்கவைத்து நேர்மையைப் பற்றி நீளமாகப் பேசுவேன். அந்தப் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் தாராளமாகச் சிரித்துக்கொள்ளலாம்.

கவிதாவின் தம்பி தினேஷுக்குக் கல்யாணம். பெண் வீடு பாலிங்கில். என் தங்கை பாக்கியத்தின் வீட்டுக்காரர் காலமாகிச் சில வருடங்கள் ஆகிவிட்டன. அதனால் அழைப்பிதழ், மேளம், சீர்வரிசை எல்லாவற்றையும் கவிதாவே தலையில் போட்டுக்கொண்டாள். கூலிமில் ஒரு தொழிற்சாலையில் அவள் பாதுகாப்பு அதிகாரி. அத்தனை தொழிலாளிகளும் கைவிரல்கள் முழுசாக வீடு திரும்புகிறார்களா என்று பார்ப்பவளுக்கு ஒரு கல்யாணம் பெரிய காரியமா என்று நான் நினைத்தேன். அவளுடைய பெரியப்பா முனியாண்டி அப்படி நினைக்கவில்லை.

"பொம்பளப் புள்ள கையில எல்லாத்தையும் குடுத்துட்டா எப்படி? ஏதாச்சும் ஒண்ணு கோளாறாகட்டும், அப்புறம் பேசிக்கிறேன்" என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கெட்ட மனிதர் இல்லை. இறந்துபோன தம்பியின் வீட்டில் தன்னைக் கேட்டுத்தான் அடுப்பே பற்ற வேண்டும் என்று ஓர் ஆசை, அவ்வளவுதான்.

கவிதாவுக்கு இது தெரியும். "ஒரே ஒரு தப்பு நடந்தா போதும் மாமா. இனிமே எந்த விசேஷத்தையும் என்னையும் அம்மாவையும் நடத்த விடமாட்டாரு" என்றாள். இதைச் சொல்லிவிட்டுத்தான் பஸ் வேலையை என்னிடம் கொடுத்தாள்.

மாப்பிள்ளை வீட்டார் பாலிங் போக ஒரு பஸ் எடுக்க வேண்டும். குருண் போகும் சாலையில் ஒரு கம்பெனி இருப்பதாக யாரோ சொல்லியிருந்தார்கள். அவளுக்கு லீவு கிடைக்கவில்லை.

"நீங்க நேர்ல போய்ப் பாருங்க மாமா. டயர் தேஞ்சிருக்கான்னு பாருங்க. பிரேக் கடைசியா எப்ப செக் பண்ணுனாங்கன்னு கேளுங்க. டிரைவருக்கு லைசன்ஸ் இருக்கா, முதல் நாளு வேற டிரிப் ஓட்டிட்டுத் தூங்காம வர்றாரான்னு கேளுங்க. சீட் பெல்ட் பாருங்க. முக்கியமா எமர்ஜென்சி கதவு. கையால திறந்து பாருங்க மாமா. வாயால கேட்டா எல்லாரும் இருக்குன்னுதான் சொல்வாங்க."

"எனக்கே பாடம் நடத்துறியாம்மா?" என்றேன். (நடத்தியும் ஏறவில்லை என்பது வேறு விஷயம்.)

மறுநாள் காலை, மடிப்புக் கலையாத சட்டை போட்டு, பையில் பேனாவைச் செருகி, பள்ளிக்கூடத்தைச் சோதனை போட வரும் அதிகாரியைப் போலப் போய் இறங்கினேன். தகரக் கொட்டகைக்கு முன்னால் ஒரு நீல பஸ். உள்ளே ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் முதலாளி சிவலிங்கம், கழுத்தில் சங்கிலியும் முகத்தில் சிரிப்புமாக.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். "இந்த வண்டியோட பிரேக்..."

"அதெல்லாம் இருக்கட்டும் சார். சாருக்கு எந்த எஸ்டேட்?"

வெளியூர் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கெடா மாநிலத்தில் என் வயதுத் தமிழர் இரண்டு பேர் புதிதாகச் சந்தித்தால், பெயரைக்கூட அப்புறம்தான் கேட்பார்கள். முதல் கேள்வி எந்த எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர் என்பதுதான். ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை வைத்து, செம்பனையையும் வெட்டி வீடுகளைக் கட்டி விற்றுவிட்டார்கள். ஆனாலும் கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது. இரண்டு பேரும் ஒரே எஸ்டேட் என்று தெரிந்துவிட்டால் அதற்குமேல் சந்தேகப்படுவது பண்பாடாகாது. சாப்பிடக் கூப்பிட்ட வீட்டில் சோற்றை மோந்து பார்ப்பதைப் போன்றது அது.

"மூணாங்கட்டைத் தோட்டம்" என்றேன்.

சிவலிங்கம் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "சார்! நானும் மூணாங்கட்டைதான்லா! மேல் லயமா, கீழ் லயமா?" (லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்.)

"கீழ் லயம். குழாயடிக்கு எதிர் வீடு."

"நான் மேல் லயம் சார். ரப்பர் பால் நிறுக்குற காத்தமுத்து மவன்."

"காத்தமுத்து மவனா நீ! உங்கப்பா ஒரு நாள்கூடத் தராசுல யாரையும் ஏமாத்துனது இல்லையேப்பா!"

என் வாயிலிருந்தே வந்த இந்த வாக்கியத்தோடு பஸ் சோதனை முடிந்தது. தராசில் ஏமாற்றாதவரின் மகன் டயரிலா ஏமாற்றப்போகிறான்? அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் பெண் பார்க்கப் போன வீட்டில் நடப்பதுதான். ரொட்டி சானாய் வந்தது. குடிக்கத் தே தாரிக் வந்தது. அவனுடைய அக்காவை எங்கே கட்டிக்கொடுத்திருக்கிறது, சித்தப்பாவுக்குச் சர்க்கரை இப்போது எப்படி இருக்கிறது என்றெல்லாம் நுணுக்கமாக விசாரித்தேன். அந்தக் குடும்பத்தின் மூன்று தலைமுறையில் எனக்குத் தெரியாத கோளாறு எதுவுமில்லை. பஸ்ஸில் என்ன கோளாறு என்று மட்டும் கேட்கவில்லை.

கிளம்பும்போது, சும்மா போகக் கூடாதே என்று பஸ்ஸில் ஏறிப் பார்த்தேன். குஞ்சம் வைத்த திரைச்சீலை. இருக்கைகளுக்குப் புது வெல்வெட் உறை. பின்பக்கம் திரைக்கு முன்னால் ஆளுயரத்துக்குக் கராவோக்கே பெட்டி. முன்னால் முருகன் படம், கதம்ப மாலை. இறங்கி, முன் டயரை ஓர் உதை உதைத்தேன். ஆண்பிள்ளைகள் ஏன் டயரை உதைக்கிறோம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. டயர் ஒன்றும் சொல்லவில்லை. சரி, நல்ல டயர்.

சாயங்காலம் கவிதா போன் செய்தாள். "பாத்தீங்களா மாமா?"

"எல்லாம் பாத்தாச்சும்மா. பஸ்டு கிளாஸ்."

"எமர்ஜென்சி கதவைத் திறந்து பாத்தீங்களா?"

இங்கே நான் "இல்லை" என்று சொல்லியிருக்கலாம். அரை மணி நேரத்தில் மறுபடி போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கலாம். ஆனால் வாத்தியாருக்கு "தெரியாது" என்று சொல்லப் பழக்கமில்லை.

"திறந்து, மூடி, மறுபடியும் திறந்து பாத்தேன்மா" என்றேன்.

"ரொம்ப நன்றி மாமா. இப்பதான் நிம்மதியா இருக்கு" என்றாள்.

கல்யாணத்தன்று விடிந்ததும் புறப்பட்டோம். தலைப்பாகையும் மாலையுமாகத் தினேஷ் முன்னிருக்கையில். தாலியும் கூறைப்புடவையும் இருந்த தட்டு பாக்கியத்தின் மடியில். டிரைவர் சிவலிங்கத்தின் மைத்துனராம். கொட்டாவிக்கு நடுவே வணக்கம் சொன்னார். கவிதா வெல்வெட் உறையைத் தூக்கிச் சீட் பெல்ட்டைத் தேடினாள். பெல்ட் உறைக்கு அடியில் தைக்கப்பட்டிருந்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஜன்னல் வழியாக இயற்கையை ரசித்தேன்.

கோலா கெட்டில் தாண்டி மேடு ஏறும்போது கருகிய வாடை வந்தது.

"யாரோ வடையைத் தீய விட்டுட்டாங்க" என்றார் முனியாண்டி.

"பஸ்ஸுக்குள்ள யாரு மச்சான் வடை சுடறது?" என்றேன். அதற்குள் பின்சக்கரத்திலிருந்து புகை மேலே வந்துவிட்டது. டிரைவர் ஓரமாக நிறுத்திவிட்டு, தன் பக்கத்துச் சின்னக் கதவைத் திறந்து குதித்து ஓடினார். புகை எங்கிருந்து வருகிறது என்று பார்க்கத்தான் ஓடினார். ஆனால் டிரைவர் ஓடுவதைப் பார்த்தால் பயணிகளுக்கு எப்படி இருக்கும்? எல்லாரும் இறங்கும் கதவுக்குப் பாய்ந்தோம். தினேஷ் பொத்தானை அமுக்கினான். கதவு 'புஸ்' என்று ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அப்படியே நின்றது.

"யாரும் தள்ளாதீங்க! பின்னால எமர்ஜென்சி கதவுக்கு வாங்க!" என்று கவிதா சத்தம் போட்டாள். கராவோக்கே பெட்டிக்குப் பின்னால் இருந்த திரையை விலக்கினாள். கதவு அங்கேதான் இருந்தது. அதை மறித்தபடி பெட்டியைத் தரையோடு சேர்த்துத் திருகாணியால் முடுக்கியிருந்தார்கள். கதவின் கைப்பிடியை நீல நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

"மாமா, திறந்து பாத்தேன்னீங்களே?"

"அன்னைக்குத் திறந்துச்சும்மா" என்றேன்.

புகைக்கு நடுவிலும் அப்படி ஒரு பொய் எனக்கு வந்தது. அவள் ஓடிப்போய் டிரைவர் இருக்கையில் ஏறி நின்றாள். "பிள்ளைங்க முதல்ல! இந்தப் பக்கமா, ஸ்டீரிங்கைத் தாண்டி!"

டிரைவர் இருக்கைக்கும் ஸ்டீரிங்குக்கும் நடுவில் இருந்த இடம் ஓர் ஆளுக்கே நெருக்கம். பட்டுப்புடவை அத்தைமார்கள் ஒவ்வொருவரும் அதைத் தாண்டும்போது ஹார்ன் அலறியது. சின்ன அத்தைக்குச் சின்ன ஹார்ன், பெரிய அத்தைக்குப் பெரிய ஹார்ன். பிள்ளைகளுக்கு அடுத்து நான் இறங்கினேன். அந்த இடத்துக்கு எப்படி வந்தேன் என்று எனக்கு நினைவில்லை. என் மனைவி சரோஜாவுக்கு நினைவிருக்கிறது. அவளைத் தாண்டித்தான் வந்தேனாம். என் ஜிப்பா கியர் கம்பில் மாட்டிக்கொண்டு நான் ஸ்டீரிங் மேலேயே படுத்துவிட்டதால், அன்றைய நீளமான ஹார்ன் எனக்குத்தான். கவிதா எல்லாருக்கும் கடைசியாக இறங்கினாள்.

நெருப்பு இல்லை. பிரேக் இறுகிச் சூடாகிப் புகைந்திருக்கிறது. குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றிச் சூட்டைத் தணித்தார்கள். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சாலையில் முதலில் வந்தது கட்டிப்பால் ஏற்றிய லாரி. உறைந்த ரப்பர் பாலின் வாடையை அறியாதவர்களுக்கு விளக்குவது கஷ்டம். செத்த எலியை மோரில் ஊறவைத்தால் ஓரளவு கிட்ட வரும். லாரிக்காரர் ஒரு மலாய்ப் பெரியவர். மாப்பிள்ளைக் கோலத்தைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தி, "பெங்காந்தின்! மாரி, நாயெக்!" என்று மாப்பிள்ளையை ஏறச் சொல்லிக் கூப்பிட்டுக் கதவைத் திறந்துவிட்டார். பாக்கியமும் தாலித்தட்டும் அவர் பக்கத்தில். தினேஷும் கவிதாவும் நானும் பின்னால், கட்டிப்பால் மேல். மற்றவர்களுக்குப் பெண் வீட்டார் வேன் அனுப்பினார்கள்.

தாலி நேரத்துக்குக் கட்டப்பட்டது. ஐயர் அன்று சாம்பிராணியைத் தாராளமாகப் போட்டார். பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாப்பிள்ளையிடம் பெண் கேட்ட முதல் கேள்வி, "நீங்க குளிக்கலயா?"

பந்தியில்தான் முனியாண்டி ஆரம்பித்தார். மண்டபத்துக்கே கேட்கும் குரல்.

"யாரு பஸ் புக் பண்ணுனது? சேஃப்டி ஆபிசராம்! ஃபேக்டரியில தலையில ஒரு தொப்பியை மாட்டிக்கிட்டா எல்லாம் தெரிஞ்சிருமா? அத்தனை உசுரையும் கொண்டுபோய் அடுப்புல வச்சாளே!"

சிலர் சிரித்தார்கள். கையில் சாம்பார் வாளியோடு நின்ற கவிதா என்னைப் பார்த்தாள். 'மாமாதான் போய்ப் பார்த்தாரு' என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் இலையைப் பார்த்தேன். அப்போதுதான் அந்தப் பாயசம்.

அன்றைக்கு அவள் வாளியை வைத்துவிட்டுச் சமையல்கட்டுக்குப் போனவள், சாப்பாடு முடியும்வரை வெளியே வரவில்லை. அந்த வாரமே முனியாண்டி பாக்கியத்திடம், சுங்கை பட்டாணியில் நடக்கவேண்டிய வரவேற்பு விருந்தை இனித் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். கவிதா ஏற்பாடு செய்திருந்த சமையல்காரர் முதல் எல்லாவற்றையும் மாற்றினார். அவள் ஒன்றும் பேசாமல் விட்டுக்கொடுத்தாளாம். இதைக் கேட்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கவில்லை. சரோஜாவிடம் உண்மையைச் சொன்னேன்.

"'மாமாதான் பாத்தாரு'ன்னு சொல்ல அந்தப் புள்ளைக்கு எவ்வளவு நேரமாகும்? உங்க மரியாதைக்காக வாயை மூடிக்கிட்டு நின்னா. நீங்க பாயசத்துக்கு வாயைத் திறந்தீங்க" என்றாள் சரோஜா.

வரவேற்பு விருந்தில் தாய்மாமன் என்ற முறையில் வாழ்த்திப் பேசக் கூப்பிட்டார்கள். மைக்கைக் கையில் வாங்கினேன். வாழ்நாள் முழுக்க மேடையில் பேசியவனுக்கு அன்றுதான் முதல் மேடை.

"மணமக்களை வாழ்த்துறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும்" என்றேன். "அந்த பஸ்ஸைப் பாக்கச் சொல்லி கவிதா என்னைத்தான் அனுப்புனா. என்னென்ன பாக்கணும்னு தெளிவா சொல்லியும் அனுப்புனா. நான் எதையும் பாக்கலை. பாத்தேன்னு அவகிட்ட பொய் சொன்னேன். பந்தியில அவளைத் திட்டினப்ப வாயை மூடிக்கிட்டு இருந்தேன். தப்பு முழுக்க என்னோடது."

 முன்வரிசையிலிருந்து பெரிய ஹார்ன் அத்தை கேட்டாள்: "பஸ்ஸைப் பாக்கலைன்னா, போய் வேற என்னதான் பாத்தீங்க?"

"முதலாளி எந்த எஸ்டேட்டுன்னு பாத்தேன்."

யாரும் சிரிக்கவில்லை. முனியாண்டி மட்டும் எழுந்து, மிகுந்த அக்கறையோடு கேட்டார்: "எந்த எஸ்டேட்டாம் மச்சான்?"

"மூணாங்கட்டை. காத்தமுத்து மவன்."

"அட, பால் நிறுக்குற காத்தமுத்தா? ரொம்ப நல்ல குடும்பமாச்சே!"

அப்போது வெடித்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. எல்லாரும் ஏன் சிரிக்கிறார்கள் என்று முனியாண்டிக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. புரிந்ததும் அவர் முகம் சிவந்தது. பிறகு அவரும் சிரித்துவிட்டார். நேராகப் போய்க் கவிதா முன்னால் நின்று, "தாயி, நான் போயிருந்தாலும் இதைத்தான்மா கேட்டிருப்பேன். தெரியாம பேசிட்டேன்" என்றார். பாக்கியம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கவிதா அவரிடம் தலையசைத்தாள். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

இன்னொரு கடனும் இருந்தது. நாளை அந்த பஸ்ஸில் வேறு வீட்டுப் பிள்ளைகள் ஏறுவார்கள் அல்லவா? சிவலிங்கத்திடம் போனேன். கயிற்றை அவிழ்க்கச் சொன்னேன், பெட்டியைக் கழற்றச் சொன்னேன்.

"சார், நீங்களே வந்து பாத்துட்டு நல்லா இருக்குன்னுதானே சொன்னீங்க?" என்றான்.  இரண்டாம் முறை போனபோதும் பெட்டி அங்கேயே இருந்தது. அதனால் போக்குவரத்து அதிகாரிகளிடம் புகார் எழுதிக்கொடுத்தேன். அவர்கள் வந்து வண்டியை நிறுத்திவைத்து, எல்லாம் சரியான பிறகே விட்டார்கள். "ஒரே எஸ்டேட்டுக்காரன் செய்யிற வேலையா இது?" என்று ஊரெல்லாம் சொல்கிறானாம். பாசாரில் காய்கறி வாங்கும்போது என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். எனக்கு அது வருத்தம்தான். ஆனால் அவன் பஸ்ஸில் இப்போது கதவு திறக்கிறது.

கவிதா பல மாதம் எனக்குப் போன் செய்யவில்லை. வீட்டுக்குப் போனால் "வாங்க மாமா, உக்காருங்க மாமா" என்று விருந்தாளியைப் போல நடத்தினாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பிறகு ஒரு நாள் அழைத்தாள். "மாமா, ஃபேக்டரி ஆளுங்க கோத்தா கோலா மூடாவுக்குப் பிக்னிக் போறோம். பெண்டாங் ரோட்ல ஒரு கம்பெனி இருக்கு. பஸ் பாக்கணும். வர்றீங்களா?" சற்று நிறுத்திவிட்டு, "நானும் கூட வருவேன்" என்றாள். முழு நம்பிக்கை இல்லை என்பது புரிந்தது. ஆனால் எனக்குத் தகுதியான அளவுக்கு இருந்தது. அது போதும் என்று கிளம்பினேன்.

அன்று தேத்தண்ணி வேண்டாம் என்றேன். ஒவ்வொரு பெல்ட்டையும் இழுத்துப் பார்த்தேன். அவசரக் கதவைத் திறந்து, அது வழியாக நானே வெளியே குதித்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டேன். டயர் உட்பக்கம் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க பஸ்ஸுக்கு அடியில் படுத்தேன். எழுந்திருக்க முடியவில்லை. கவிதா என் இரண்டு கையையும் பிடித்து இழுத்து நிறுத்தி, முதுகில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். சட்டையெல்லாம் எண்ணெய்.

கம்பெனிக்காரர் என்னை மரியாதையோடு பார்த்தார். "இவ்வளவு நுணுக்கமா யாரும் பாத்ததில்லை. சாருக்கு எந்த எஸ்டேட்?"

என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கவிதா முந்திக்கொண்டாள்.

"எஸ்டேட்டெல்லாம் கிடையாதுண்ணே. மாமா பொறந்து வளந்தது எல்லாம் டவுன்லதான்."

சொல்லிவிட்டு, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் என்னைப் பார்த்தாள். இந்த முறை அவளுடைய பொய்க்கு நான் வாயைத் திறக்காமல் நின்றேன். காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் சிரிக்க ஆரம்பித்தவள், சுங்கை பட்டாணி வரும்வரை நிறுத்தவில்லை. அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் என் பெயர் 'டவுன் மாமா'. தினேஷின் குழந்தைக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.